மூன்றாம் பிரஸ்ஸின் ஊசி

செப்டம்பர் 30, 1972. சனி.

வெயில். புரட்டாசி என்று பேர்தான், சித்திரை மாதிரி காய்கிறது. எஸ்டேட் வாசலில் சைக்கிளை நிறுத்தும்போதே சட்டை முதுகில் ஒட்டிவிட்டது.

தகடு அடிக்கும் மூன்றாம் நம்பர் பிரஸ்ஸுக்குக் கதவு மாட்டியாகிவிட்டது. ஐந்து மாத வேலை. அம்பத்தூர் தொழிற்பேட்டை முழுக்கத் தேடினாலும் இப்படி ஒன்று கிடையாது. இதை நானே சொல்லிக்கொள்ளலாம், இது என் நோட்டு.

எப்படி வேலை செய்கிறது என்று எழுதி வைக்கிறேன், பிற்காலத்துக்கு.

பிரஸ்ஸின் வாய்க்கு முன்னால் இரும்பு வலைக் கதவு. வலது கையால் தகட்டை உள்ளே வைத்துவிட்டு, இடது கையால் கதவை இழுத்து மூட வேண்டும். மூடினால் கதவின் விளிம்பு ஒரு சின்ன ஊசியை உள்ளே அழுத்தும். ஊசி உள்ளே போனால்தான் கால்பெடலுக்கு உயிர். கதவைத் தூக்கினால் ஸ்பிரிங் ஊசியை வெளியே தள்ளும், பெடல் செத்துவிடும். ஆக, கை உள்ளே இருக்கும்போது மெஷின் அடிக்கவே முடியாது.

மொத்தம் இருபத்துமூன்று உறுப்புகள். ஊசி மட்டும் நானே லேத்தில் கடைந்தது. ஊசிக்கும் துளைக்கும் நடுவில் தலைமுடி நுழையாது. மேலே நிக்கல் முலாம் பூசிய மூடி, அதில் ஊசி நுனி எட்டிப் பார்க்க ஒரு ஜன்னல்.

வொர்க்ஸ் மேனேஜர் (இனி வொ.மே., கை வலிக்கிறது) வந்து பார்த்தார். "சதாசிவம், ஃபாரின் மெஷின் மாதிரி இருக்கு" என்றார். மீதி ஐந்து பிரஸ்ஸுக்கும் இதையே போடப்போகிறார்களாம்.

ஃபிட்டர் கோவிந்தன் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அவனுக்கு ஜூலையிலிருந்து கோபம். அப்போது அவன் சொன்ன யோசனை: "இன்னாத்துக்கு சார் கதவு? பெடல கயட்டிடு. ரெண்டு பக்கமும் ரெண்டு கைப்பிடி. ரெண்டையும் ஒண்ணா இஸ்தாதான் அடிக்கும். ரெண்டு கையும் வெளிய கீதா, அவ்ளோதான்." துண்டு இரும்பில் செய்தே கொண்டுவந்துவிட்டான். மொத்தம் ஆறே உறுப்பு. "கெணத்துல தண்ணி எறைக்கவா கோவிந்தா?" என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அது இப்போது அவன் பெஞ்சுக்கு அடியில் கிடக்கிறது. நான் மறுத்ததற்கு நியாயமும் உண்டு: கைப்பிடி என்றால் இவன்கள் ஒன்றைக் கம்பியால் கட்டிவிட்டு ஒற்றைக் கையால் ஓட்டுவான்கள்.

மூன்றாம் பிரஸ் ஆபரேட்டர் தாவூத். பூந்தமல்லிக்காரன், நூம்பல் வழியாக சைக்கிளில் வருகிறவன். பன்னிரண்டு வருடம் பிரஸ்ஸில் நின்றும் பத்து விரலும் இருக்கிறது. இந்தத் தொழிலில் அதுதான் சர்டிபிகேட். கதவைப் பற்றி அவன் சொன்னது: "நல்லாத்தான் கீது சார். கல்யாணப் பொண்ணு மாதிரி கீது. தொடவே கூச்சமா கீது."


அக்டோபர் 4, புதன்.

மின்வெட்டு, மத்தியானம் இரண்டு மணி நேரம்.

கதவு போட்டால் வேலை மந்தமாகும் என்று சொன்னவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். மூன்றாம் பிரஸ்ஸில் உருப்படி கூடியிருக்கிறது. ஏன் என்று நின்று பார்த்தேன். தாவூத் ஒரு உபாயம் கண்டுபிடித்திருக்கிறான். கதவு மேலே இருக்கும்போது பெடல் செத்த பெடல்தானே? அதனால் தகடு வைக்கும்போதே காலை அழுத்தி வைத்துவிடுகிறான். கதவு மூடியதும் மெஷின் தானாக அடிக்கிறது. ஒரு அசைவு மிச்சம்.

பழைய நாளில் கை உள்ளே இருக்கும்போது கால் பெடல் பக்கமே போகாது அவனுக்கு. இப்போது நம்பிக்கை வந்துவிட்டது. என் ஊசி மேல் நம்பிக்கை. எனக்கு உள்ளூரப் பெருமை. தடுக்கவில்லை.

வீட்டில்: பம்ப் ஸ்டவ் மறுபடி அடைப்பு. பின் போட்டுக் குத்திக் குத்தி சரோஜாவுக்கு வெறுத்துவிட்டது. திரி ஸ்டவ்வை எடுத்து வைத்துச் சமைத்திருக்கிறாள். "உங்க ஸ்டவ் காட்சிக்கு. இது கஞ்சிக்கு" என்றாள். 

வாங்க: ஸ்டவ் பின் ஒரு பாக்கெட், பிளேடு, கிராஃப் தாள்.


அக்டோபர் 10, செவ்வாய்.

புழுக்கம். வானம் மூடிக்கொண்டு பெய்யாமல் அழிச்சாட்டியம்.

நோன்பு தொடங்கிவிட்டது. தாவூத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. வொ.மே. கூப்பிட்டு, "ஒரு மாசம் பேக்கிங்ல நில்லுப்பா" என்றார். தாவூத்: "வேணாம் சார். பன்னெண்டு வருசமா நோன்பு வெச்சிகினுதான் பிரஸ் ஓட்றேன். இந்த வருசம் இன்னா புதுசா?" வொ.மே. தோளைக் குலுக்கிவிட்டுப் போனார். நானும் பக்கத்தில் இருந்தேன்.

அவன் வேலையை ஆரம்பிக்கும் விதம் பார்க்க நன்றாக இருக்கும். முதலில் கை நிறையக் காட்டன் வேஸ்ட், அந்தக் கழிவு நூல், எடுத்து மெஷினைத் துடைப்பான். மேலிருந்து கீழ், ஒரு மூலை விடாமல், மாட்டைக் குளிப்பாட்டுகிற மாதிரி. என் ஊசியையும் நுனி விரலால் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய். பிறகுதான் முதல் தகடு. மற்ற பிரஸ்காரன்கள் துடைப்பது வெள்ளிக்கு வெள்ளி, அதுவும் திட்டினால்.


அக்டோபர் 16, திங்கள். ஆயுதபூஜை.

ரோட்டில் கட்சிக்காரர்கள் கூட்டம், கோஷம். பஸ் ஓடவில்லை. பூசணிக்காய் ஏற்றிய வண்டி வராமல் ஷெட்டில் எல்லோருக்கும் கவலை. பதினோரு மணிக்கு வந்தது.

எல்லா மெஷினுக்கும் சந்தனம், குங்குமம், மாலை. பொரி, கடலை, வாழைப்பழம். வொ.மே. வேட்டியில் வந்தார், முதல் தடவையாக மனுஷர் மாதிரி தெரிந்தார். தாவூத்தும் வந்து வாசலில் மாவிலைத் தோரணம் கட்டிக் கொடுத்தான். பொரிப் பொட்டலத்தை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டான், பிள்ளைகளுக்கு.

மூன்றாம் பிரஸ்ஸுக்கு நானே பொட்டு வைத்தேன். வேறு யாரையும் விடவில்லை. உடம்பில் ஒன்று, சக்கரத்தில் ஒன்று, கதவில் ஒன்று. பிறகு மூடியின் ஜன்னலில் எட்டிப் பார்க்கும் ஊசி நுனியில், மோதிர விரலால், சின்னதாக ஒன்று. அதன் மேல் குங்குமம். பிள்ளைக்கு வைப்பது போல. பைத்தியக்காரத்தனம்தான். எனக்குப் பிள்ளை இல்லை, இதை வேறு எங்கே எழுதுவது.

கற்பூரம் காட்டும்போது கண் கலங்கிவிட்டது.


அக்டோபர் 17, செவ்வாய்.

மறுபூஜை. மெஷின்களை ஒரு முறை ஓட்டிவிட்டு மூடவேண்டும் என்பது வழக்கம். மூன்றாம் பிரஸ்ஸில் தகடு வைக்காமல் கதவை மூடி ஒரு அடி. ஊசி உள்ளே போயிற்று, வெளியே வந்தது. கைதட்டினார்கள்.

வீட்டுக்கு வந்து தூங்கினேன். சரோஜா சுண்டல். நல்ல நாள்.


அக்டோபர் 18, புதன்.

காலை பத்து நாற்பது.

தாவூத்துக்கு வலது கையில் மூன்று விரல் போய்விட்டது. ஆள்காட்டி, நடு, மோதிர.

டூல்ரூமில் இருந்தேன். அலறல் கேட்கவில்லை. பிரஸ் ஷாப்பின் தட்தட் சத்தம் வரிசையாக நின்றது, ஒவ்வொரு மெஷினாக. ஓடினேன். கோவிந்தன் அவன் கையை வேஸ்ட்டில் சுற்றிப் பிடித்துக்கொண்டிருந்தான். தாவூத் நின்றுகொண்டே இருந்தான். "ஒண்ணும் இல்ல சார், ஒண்ணும் இல்ல சார்" என்று என்னிடம் சொன்னான். என்னைத் தேற்றுகிறான்.

வொ.மே. காரில் ஆஸ்பத்திரி. எல்லோரும் காருக்குப் பின்னால் கேட்வரை போனார்கள். மெஷினில் பூஜை மாலை இன்னும் தொங்குகிறது, காய்ந்து.

ஊசியைக் கழற்றிப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. சரியாக வேலை செய்கிறது.

சாப்பிடவில்லை.


அக்டோபர் 19, வியாழன்.

தூறல்.

வொ.மே. அறைக்குக் கூப்பிட்டார். "கதவு சரியா இருந்துதா?" "சரியா இருந்தது சார்." "அப்ப எப்படி?"  அவரே சொன்னார்: "நோன்பு. வெறும் வயிறு. தலைசுத்தல். நான் பேக்கிங்குக்குப் போன்னு சொன்னேன், நீயும் இருந்தே. கதவை மூடாம எதையோ பண்ணி அடிச்சிருக்கான்."

டைப் அடித்த அறிக்கை ஒன்று கையில் கொடுத்தார். அதில் உள்ளது: ஆபரேட்டர் நோன்பினால் களைப்புற்றிருந்தார், இலகுவான வேலை தரப்பட்டும் மறுத்தார், தம் கவனக்குறைவால் காயமுற்றார், பாதுகாப்புக் கதவில் குறை ஏதும் இல்லை. கீழே நான் கையெழுத்துப் போட வேண்டும், கதவின் வடிவமைப்பாளர் என்ற முறையில்.

இதில் என்ன அடங்கியிருக்கிறது என்று எனக்குத் தெரியும். மெஷின் குற்றம் என்றால் ஸ்டோர்ஸிலோ கேட்டிலோ அவனுக்கு வேறு வேலை கொடுத்தாக வேண்டும். அவன் குற்றம் என்றால் கேட்டுக்கு வெளியே. மூன்று விரல் இல்லாத பிரஸ்காரனை இந்த எஸ்டேட்டில் எவன் சேர்ப்பான்.

படித்துப் பார்த்துத் தருகிறேன் என்று பையில் வைத்துக்கொண்டேன். "முப்பதாம் தேதி ஹெட் ஆபீஸுக்குப் போகணும்" என்றார். பிறகு, நான் கதவைத் திறக்கும்போது: "மத்த அஞ்சு கதவையும் ஆரம்பிச்சுடு."


அக்டோபர் 21, சனி.

மழை பிடித்துக்கொண்டது. குடை கம்பி உடைந்தது.

ஆஸ்பத்திரி. சாத்துக்குடி வாங்கிப் போனேன். தாவூத் கட்டுப்போட்ட கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மாத்திரைக்காக நோன்பை விடச் சொல்லிவிட்டார்களாம். விரலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. விட்ட நோன்பைப் பற்றித்தான் பேசினான்.

"பத்து வயசுலருந்து ஒரு நோன்பு உட்டதில்ல சார். மேனேஜர் வந்து சொன்னாரு, நோன்பாலதான் இப்டி ஆயிடிச்சின்னு. எங்க தெருவுலயும் அதான் பேச்சு. கண்ண கட்டிச்சோ இன்னாவோ. கதவு மேலதான் கீது, நல்லா தெர்யும். கால வெச்சேன். எறங்கிடிச்சி. கதவு மேல கீறப்ப எப்டி சார் எறங்கும்? எறங்காதுல்ல? அப்ப நான்தான் எதையோ தப்பா பாத்துகீறேன்."

என் ஊசியை நம்புகிறான். தன் கண்ணை நம்பவில்லை.

நான் சாத்துக்குடி உரித்துக் கொடுத்தேன். அவனால் உரிக்க முடியாது என்று உரித்தபிறகுதான் உறைத்தது. பஸ்ஸில் ஏறும்வரை ஒன்றும் நினைக்கவில்லை. பஸ்ஸில் நினைத்தேன்.


அக்டோபர் 22, ஞாயிறு.

18ஆம் தேதி இங்கே எழுதியது பொய்.

யார் படிக்கப்போகிறார்கள் இந்த நோட்டை? சரோஜா தொடமாட்டாள். ஒருவரும் பார்க்காத நோட்டிலேயே பொய் எழுதியிருக்கிறேன். அப்படி என்றால் நான் எப்படிப்பட்ட ஆள்.

நடந்தது: எல்லோரும் காருக்குப் பின்னால் போனபோது நான் மட்டும் மெஷின் பக்கத்தில். கதவு மேலே இருந்தது. ஊசி உள்ளே இருந்தது. வெளியே வந்திருக்க வேண்டும், வரவில்லை. தட்டினேன், அசையவில்லை. குறடால் பிடித்து இழுத்தேன். ஊசி முழுக்க மஞ்சளாக ஒரு பசை, எண்ணெயும் சந்தனமும் குங்குமமும் சேர்ந்து. உலர்ந்த சந்தனம் ஊசியோடு கொஞ்சம் கொஞ்சமாகத் துளைக்குள் போயிருக்கிறது. இரண்டு மணி நேரம் தாக்குப் பிடித்து, பிறகு சிக்கிவிட்டது. மெஷினுக்குக் கதவு மூடியிருப்பதாக நினைப்பு. பெடலுக்கு உயிர். தாவூத் வழக்கம்போல் காலை வைத்தான்.

கெரசின் வேஸ்ட்டால் ஊசியைத் துடைத்தேன். துளையையும் துடைத்தேன். பழக்கத்தில் துடைத்தேன் என்று எழுத ஆசை. பழக்கம் இல்லை. வாசல் பக்கம் பார்த்துக்கொண்டுதான் துடைத்தேன்.

கடைச் சந்தனத்தில் மாவு கலந்திருப்பான், அதனால்தான் இறுகியது என்று நேற்றெல்லாம் யோசித்தேன். சந்தனக் கடைக்காரன் மேல் பழி போட எனக்கு எவ்வளவு ஆசை.

உட்கார்ந்து இருபத்துமூன்று உறுப்பையும் பட்டியல் போட்டேன்.

வலைக் கதவு. தேவை.
கீல் இரண்டு. தேவை.
ஊசி, ஸ்பிரிங், அதன் கூடு, கூட்டுக்குத் திருகு நான்கு. கோவிந்தனுடையதில் இது எதுவும் இல்லை.
நிக்கல் மூடி. அழகுக்கு.
மூடியில் ஜன்னல். ஊசியை எல்லோரும் பார்க்கட்டும் என்று. அந்த ஜன்னல் வழியாகத்தான் பொட்டு வைத்தேன்.

மேலே எழுத முடியவில்லை.

தலைமுடி நுழையாத துளை என்று பீற்றிக்கொண்டேனே, கொஞ்சம் தொளதொளவென்று விட்டிருந்தால் அந்தச் சந்தனம் உதிர்ந்து விழுந்திருக்கும். நேர்த்தி நேர்த்தி என்று நான் செய்ததுதான் சிக்கியது. அதைவிடப் பெரிய தப்பு வேறு. ஊசி சிக்கினால் மெஷின் நிற்கிற மாதிரி செய்திருக்க வேண்டும். நான் செய்ததில் ஊசி சிக்கினால் மெஷின் அடிக்கும். எப்படி ஓடும் என்று ஐந்து மாதம் யோசித்தேன். எப்படிக் கெடும் என்று ஒரு நாள் யோசிக்கவில்லை. கோவிந்தனின் கைப்பிடி துருப்பிடித்துச் சிக்கினால் என்ன ஆகும்? மெஷின் ஓடாது, அவ்வளவுதான். திட்டிக்கொண்டே எண்ணெய் விடுவார்கள். எட்டாவது வரைகூடப் படிக்காதவன் அவன்.

எனக்கு மூன்று வருடம் பாலிடெக்னிக்.


அக்டோபர் 24, செவ்வாய்.

மழை. ஷெட் கூரை மூன்று இடத்தில் ஒழுகல், பக்கெட் வைத்தாயிற்று.

மூன்றாம் பிரஸ் மூடிக் கிடக்கிறது. மாலையை யாரோ எடுத்துவிட்டார்கள்.

கோவிந்தன் டீ நேரத்தில் பக்கத்தில் வந்து நின்றான். "சார், அன்னிக்கு குப்ப டின்ல ஒரு வேஸ்ட்டு கெடந்திச்சி. மஞ்சளா. கெரசின் வாசன." நான் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "நான் யார்கிட்டயும் சொல்லல சார். சொல்லவும் மாட்டேன். நீ சொல்லு." வேறு ஒன்றும் இல்லை, போய்விட்டான்.

என்னைக் காட்டிக் கொடுத்திருந்தால் அவன் மேல் கோபமாவது பட்டிருக்கலாம்.

சாயங்காலம் அவன் பெஞ்சுக்கு அடியிலிருந்து கைப்பிடிகளை நானே எடுத்துத் தூசி தட்டினேன். கரடுமுரடு. வெல்டிங் பிசிறு அப்படியே இருக்கிறது. ஒற்றைக் கையால் கட்டி ஓட்டுவான்கள் என்று சொன்னேனே, அதைக் கேட்டேன். "கட்டுவானுங்கதான் சார். கட்டுனா தூரத்துலருந்தே கண்ணுக்குத் தெர்யும்ல? உன் ஊசி மாட்டிகினது யாருக்குத் தெரிஞ்சிது?"

ஜூலையிலேயே இதைச் சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்க நினைத்தேன். அவன் வாயைத் திறக்கும் முன் கிணறு, ராட்டினம் என்று சிரிக்க வைத்தது நான்.

சரோஜாவிடம் சொல்லிவிட்டேன், சாப்பிடும்போது. சாதத்தைப் பிசைந்தபடி கேட்டாள். பிறகு, "வேலை போயிடுமா?" என்றாள். "போகலாம்." "அவங்களுக்குப் பிள்ளைங்க இருக்கா?" "மூணு." தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். பம்ப் ஸ்டவ்வைப் பரணில் ஏற்றிவிட்டாள்.


அக்டோபர் 27, வெள்ளி.

காய்ச்சல் மாதிரி. லீவு போடவில்லை.

அறிக்கையை ஏழு தடவை எழுதிக் கிழித்தேன். முதல் தடவை நான்கு பக்கம். உலோகத்தின் குணம், எண்ணெயின் தடிமன், ஸ்பிரிங்கின் பலம். படித்துப் பார்த்தால் எனக்கே ஒன்றும் புரியவில்லை. நான்கு பக்கத்தில் எங்கேயோ ஒளிந்து நிற்கிறேன். கடைசியில் நின்றது:

1. கதவின் ஊசி உள்ளே சிக்கியிருந்தது. அதனால் கதவு திறந்திருந்தும் பெடல் வேலை செய்தது.
2. ஊசியில் பூஜைச் சந்தனத்தை வைத்தவன் நான். விபத்துக்குப் பின் அதைத் துடைத்தவனும் நான்.
3. சிக்கினால் அபாயமாகும்படி அதை வடிவமைத்தவன் நான். மற்ற பிரஸ்களுக்கு இதைப் போடக் கூடாது.
4. ஆபரேட்டர் மேல் தவறு இல்லை. நோன்புக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

அரைப் பக்கம்தான். இதற்கு மேல் இதிலிருந்து எதையும் எடுக்க முடியாது, சேர்க்கவும் தேவையில்லை. இத்தனை வருடத்தில் நான் செய்த ஒழுங்கான வேலை இதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கும்போது வெட்கமாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குப் போய் முதலில் அவனிடம் சொல்ல வேண்டும். அவனுக்குத் தெரியாமல் வொ.மே.க்குத் தெரியக் கூடாது.


அக்டோபர் 29, ஞாயிறு.

வெயில், கொஞ்ச நேரம். பூந்தமல்லி பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். வேலப்பன்சாவடியில் ரோடு முழுக்கச் சேறு.

ஓட்டு வீடு. தாவூத்தின் மனைவி மெஹருன் நாற்காலி போட்டார். வீட்டில் எல்லோருக்கும் நோன்பு, ஆனாலும் எனக்கு டீ வந்தது. வேண்டாம் என்றால் கேட்கவில்லை. "நீங்க குடிங்கண்ணே, அதனால எங்களுக்கு ஒண்ணும் இல்ல." அவர்கள் நடுவில் உட்கார்ந்து நான் ஒருவன் மட்டும் குடித்தேன்.

தாவூத் இடது கையால் பட்டன் போடப் பழகிக்கொண்டிருந்தார். (இவ்வளவு நாளும் அவன், அவன் என்று எழுதியிருக்கிறேன். என்னைவிட நாலு வயது மூத்தவர்.)

சொல்லிவிட்டேன். ஊசி, சந்தனம், துடைத்தது, எல்லாம். மன்னிப்பு என்ற வார்த்தை வாயில் வரவில்லை, அது ரொம்பச் சின்ன வார்த்தையாகப் பட்டது. நோன்பால் இல்லை, உங்கள் கண் பொய் சொல்லவில்லை, கதவு மேலேதான் இருந்தது என்றேன்.

மெஹருன் முக்காட்டை வாயில் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.  பிள்ளை ஒன்று வந்து தாவூத்தின் மடியில் ஏறப் பார்த்தது, கட்டுப்போட்ட கையை மேலே தூக்கிக்கொண்டார்.

பிறகு மெதுவாக:

"நான் பாத்தேன் சார்."

எதை என்று கேட்டேன்.

"பொட்ட. அன்னிக்குக் காலைல. தெனிக்கும் தொடைப்பேன்ல. வேஸ்ட்ட எடுத்துகினு வந்தேன். எல்லாம் தொடச்சேன். ஊசியாண்ட வந்தா, சந்தனம், குங்குமம். தொடைக்கத்தான் போனேன். அப்பறம் கை வரல சார். நீங்க கும்பிட்டு வெச்சது. கண்ல தண்ணி வெச்சிகினு நீங்க வெச்சத நான் பாத்தேனே அன்னிக்கு. அத நான் போய் அழிக்கிறதா? வேற யாராச்சும்னா தொடச்சிருப்பாங்க. நான் தொடச்சா நல்லாருக்காதுன்னு, சுத்தி மட்டும் தொடச்சிட்டு உட்டுட்டேன்."

டீ டம்ளர் கையில் இருந்தது. எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"தொடச்சிருக்கணும் சார்" என்றார். "எம் மேலயும் தப்பு கீது."

இல்லை என்றேன். இல்லை, இல்லை என்று எத்தனை தடவை சொன்னேன் என்று நினைவில்லை. பஸ் ஸ்டாப்பு வரை கூடவே வந்தார். பஸ் நகரும்போது கையை அசைக்கத் தூக்கினார், வலது கை, பிறகு கீழே போட்டுவிட்டு இடது கையைத் தூக்கினார்.


அக்டோபர் 30, திங்கள்.

மழை. சைக்கிள் செயின் இரண்டு தடவை கழன்றது.

ஒன்பதரைக்கு வொ.மே. மேஜையில் இரண்டு தாளையும் வைத்தேன். அவருடைய டைப் அடித்தது, கையெழுத்து இல்லாமல். என்னுடைய அரைப் பக்கம், கையெழுத்தோடு.

படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். மறுபடி படித்தார். "உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா சதாசிவம்" என்றார், கத்தாமல். "இதை மேலே அனுப்பினா உன் வேலை என்ன ஆகும்னு தெரியுமா?" தெரியும் என்றேன். ஜன்னல் வழியாகக் கொஞ்ச நேரம் மழையைப் பார்த்தார். கெட்டவர் இல்லை. அவருக்கும் மேலே ஆள் உண்டு.

பிறகு பேனாவால் இரண்டாவது வரியைத் தட்டினார்.

"சரி. சந்தனம் நீ வெச்சே. ஆனா அவன் தினமும் காலையில துடைக்கிறவன்தானே? எல்லாருக்கும் தெரியுமே. அன்னைக்குக் காலையில அவன் அதைப் பார்த்தானா இல்லையா? பார்த்துட்டும் விட்டிருந்தா, அது ஆபரேட்டர் கவனக்குறைவுதான். நாலாவது பாயிண்ட்டை எடுத்துடலாம். பார்த்தானா?"

வெளியே கோவிந்தன் மூன்றாம் பிரஸ்ஸின் கதவைக் கழற்றும் சத்தம். திருகு ஒவ்வொன்றாகத் தட்டில் விழுகிறது. யார் சொல்லிக் கழற்றுகிறான் என்று தெரியவில்லை. நான் சொல்லவில்லை.

"பார்க்கவில்லை சார்" என்றேன். "மூடிக்கு உள்ளே இருந்தது. வெளியிலிருந்து தெரியாது."

நேராக என் முகத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அறிக்கையை மடித்து உறையில் போட்டார்.

18ஆம் தேதி எழுதிய பொய்யை 22ஆம் தேதி திருத்தினேன். இன்று சொன்னதைத் திருத்த மாட்டேன்.